அந்தியூர் கிளை கலைந்த பிறகு

சென்ற மாதம் சங்க அலுவலகத்திலிருந்து நிவேதா பேசினாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பெண். எங்கள் கால்நடை மருத்துவர் சங்கத்தில் உறுப்பினர் குழுக்களை மறுபடியும் மாற்றி அமைக்கப் போகிறார்களாம். "முன்னால ஒருக்கா இதே மாதிரி மாத்துனீங்களாமேங்க மேடம், அது நல்லா வேலை செஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் வேலை செஞ்சுது, கண்ணு" என்றேன். அதற்கு மேல் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால் ஆலோசனை என்று எதுவும் எழுத வரவில்லை. நடந்ததுதான் வருகிறது.

நான் மருத்துவர் இல்லை. தட்டச்சு படித்துவிட்டு அந்த அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவள். தொடக்க ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்போது செயலாளராக இருந்த டாக்டர் ரங்கசாமி எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரே ஒரு வேலைதான். கூட்ட அறிவிப்பு தபாலில் போன பிறகு, உறுப்பினர் ஒவ்வொருவரையும் நான் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். கூட்டத்தைப் பற்றி முதலில் பேச்செடுக்கக் கூடாது. "ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு மொதல்ல கேளுங்க, அம்மணி. கூட்டத்துக்கு வாரேன், வரலேன்னு அவுங்களே சொல்லிருவாங்க" என்பார். அப்படியே கேட்டுக் கேட்டு, எந்த டாக்டரின் மகளுக்கு எப்போது கல்யாணம், யாருக்குச் சர்க்கரை, யார் மாற்றலுக்கு அலைகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சங்கத்துக்கு அந்தக் காலத்தில் ஊர்வாரியாகக் கிளைகள் இருந்தன. மேட்டுப்பாளையத்தில் ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று, தாராபுரத்தில் ஒன்று, அந்தியூரில் ஒன்று என்று. இவற்றில் அந்தியூர் கிளை சிறியது. பவானியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் டாக்டர்கள் வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவனக் கடையின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூடுவார்கள். அதை நடத்தி வந்தவர் டாக்டர் பழனிச்சாமி. அந்தியூரில் தனியாக வைத்தியம் பார்த்தவர். ஆள் நல்ல உயரம். அரைக்கைச் சட்டைதான் போடுவார். மாட்டுக்குள் தோள் வரை கை விடுகிறவனுக்கு முழுக்கைச் சட்டை எதற்கு என்பார்.

அவர் கூட்டம் நடத்தும் முறையே வேறு. சிறப்புப் பேச்சாளர் கிடையாது, நன்றியுரை கிடையாது. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், ஆளுக்கு ஒரு கேஸ் சொல்ல வேண்டும். அதுவும் அந்த மாதம் தாம் பார்த்துத் தவறிப்போன கேஸாக இருக்க வேண்டும். புதிதாக வந்த யாராவது தாம் காப்பாற்றிய மாட்டைப் பற்றி ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"பொழைச்ச மாட்டப் பத்திப் பேச அந்த மாட்டுக்காரரே இருக்காருங்க. செத்ததப் பத்திப் பேச நமக்கு வேற எடமில்லீங்க."

ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். குற்றம் சொல்ல மாட்டார்கள். 'அப்ப மணி என்ன இருக்கும், நீங்க சாப்பிட்டிருந்தீங்களா, கூடப் பிடிக்க ஆள் இருந்துதா' என்றெல்லாம் கேட்பார்கள். பவானி அரசு மருந்தகத்தில் இருந்த டாக்டர் மல்லிகா ஒரு முறை, தான் போட்ட ஊசியில் ஒரு விதவையின் ஒரே எருமை விழுந்து போனதைச் சொல்லிவிட்டுப் பேச முடியாமல் நின்றபோது, பழனிச்சாமி எழுந்து தன் கையிலிருந்த டீயை அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அடுத்தவர் தன் கேஸைச் சொல்ல ஆரம்பித்தார். வருடாந்தர அறிக்கைக்காகப் போய் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தக் கூட்டத்தைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மற்றக் கிளைகளின் நிலைமை அப்படி இல்லை. மேட்டுப்பாளையத்தில் பல மாதங்கள் அமைப்பாளர் மட்டும் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். இளையவர்கள் சங்கத்தில் சேரவே இல்லை. சேர்ந்தவர்களும் அடையாள அட்டை வாங்கியதோடு சரி. இந்த நிலையில்தான் டாக்டர் கார்த்திகேயன் தலைவரானார்.

கார்த்திகேயனுக்குச் சரவணம்பட்டியில் செல்லப்பிராணி மருத்துவமனை. ஐ.டி. வேலைக்காரர்களின் நாயும் பூனையும் வரிசையில் காத்திருக்கும் இடம். நான் பார்த்த தலைவர்களிலேயே அதிகம் உழைத்தவர் அவர்தான். ஒருவர் எதைச் சொன்னாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். "அப்படீன்னா நீங்க சொல்றது இதுதானுங்களே" என்று அவர் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லி, ஆமாம் என்ற பிறகுதான் தன் கருத்தைச் சொல்வார். கோபமாக வந்தவர்கள்கூட அதில் தணிந்துவிடுவார்கள். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னை 'ஸ்டெல்லாம்மா' என்பார். அவருடைய தவறு என்று நான் எதையும் இங்கே எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய திட்டம் எளிமையானது. ஊர்க் கிளைகளைக் கலைத்துவிடுவது. பார்க்கும் வேலையை வைத்து உறுப்பினர்களை நான்கு குழுக்களாகப் பிரிப்பது. கறவை மாடு, கோழி, ஆடு, செல்லப்பிராணி. ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு முறை காணொலியில் கூடும். துறை வல்லுநர் ஒருவர் பேசுவார். மற்ற நாள்களில் வாட்ஸ்அப்பில் கேள்வி பதில். கேள்வி கேட்டாலும் பதில் சொன்னாலும் புள்ளி உண்டு. மாதம்தோறும் சிறந்த விவாதத்துக்கு ஒரு நட்சத்திரம்.

இதை அறிவிப்பாக அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். என்னையும் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். எல்லா ஊரிலும் சரி என்றார்கள். சில இடங்களில் கிளை இருந்ததே மறந்துபோயிருந்தது. அந்தியூரில் மட்டும்தான் பேச்சு நீண்டது.

பழனிச்சாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மல்லிகாவைக் காட்டி, "இவிய இப்ப கோழிப்பண்ணைதான் அதிகம் பாக்கறாங்க. அப்ப இவியளுக்குக் கோழிக் குழு. எனக்கு மாட்டுக் குழு. அப்படித்தானுங்களே?" என்றார்.

"ஆமாங்க."

"அடுத்தடுத்த ஊர்ல இருந்துட்டு ஆளுக்கொரு கூட்டமுங்களா?"

"அப்படீன்னா நீங்க சொல்றது, பக்கத்துல இருக்கறவங்க பிரிஞ்சு போயிருவாங்கங்கறது தானுங்களே" என்றார் கார்த்திகேயன். "ஆனா இங்க சுத்தியும் இருக்கற டாக்டருங்கள்ல பாதிப் பேரு இந்தக் கூட்டத்துக்கு வந்ததே இல்லீங்க. அவுங்களையும் உள்ள கொண்டாரணுமல்லங்க? நீங்க தனியாக்கூட எப்ப வேணாலும் கூடிக்கலாமுங்க. நான் வேண்டாங்கலையே."

"நீங்க சொல்றது நாயந்தானுங்க" என்றார் பழனிச்சாமி. "வரவழைக்க ஒரு சங்கம் இருந்தாத்தான் வருவாங்க. தானாக் கூடறதுன்னா ரண்டு மாசம் கூடுவோம். அப்பறம் ஆளுக்கொரு சோலி வந்துரும். பாப்பமுங்க."

அவர் சொன்னபடியே ஆயிற்று. இரண்டு மாதமோ மூன்று மாதமோ கூடினார்கள். பிறகு நின்றுவிட்டது.

புதிய குழுக்கள் நன்றாக நடந்தன. இதை மறைத்து எழுதினால் நியாயமாகாது. ஒருபோதும் முகம் காட்டாதவர்கள் திரையில் வந்தார்கள். தாளவாடிப் பக்கம் இருந்த ஓர் இளம் பெண் டாக்டர் என்னிடம் சொன்னார்: "கைக்குழந்தையோட நான் எங்கீங்க மேடம் பஸ் ஏறி வாரது? இப்பத் தொட்டில ஆட்டிட்டே பாடம் கேக்கறேன்." அவர் குரலில் இருந்த மகிழ்ச்சி பொய்யில்லை. எனக்கும் வேலை குறைந்தது. அழைப்புகள் தாமாகவே எல்லோர் கைப்பேசிக்கும் போயின. யாரையும் கூப்பிட்டுப் பேச வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு தை மாதவாக்கில் கறவை மாட்டுக் குழுவில் பழனிச்சாமி ஒரு கேள்வி போட்டார். ஒரு பண்ணையில் சினை மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாதம் முடியாமலே கன்று வீசுகின்றன, நஞ்சுக்கொடி தங்கிவிடுகிறது, கையால்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், என்ன செய்யலாம் என்று. அன்று குழுவே விழித்துக்கொண்டது. பதில் மேல் பதில். வல்லுநர் ஒருவர் விளக்கமாக எழுதினார். இது பெரும்பாலும் புரூசெல்லா கிருமியால் வரும் கன்றுவீச்சு நோய், ரத்தம் எடுத்து அனுப்புங்கள், நோய் கண்ட மாடுகளைப் பிரித்துக் கட்டுங்கள் என்று. பழனிச்சாமி அப்படியே செய்தார். சோதனை முடிவும் அதைத்தான் சொன்னது. அந்த மாதச் சிறந்த விவாதமாகக் கார்த்திகேயன் அதைத் தேர்ந்தெடுத்தார். பழனிச்சாமியின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு நான்தான் அனுப்பினேன். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

அதன்பிறகு நடந்த கூட்டம் எல்லாவற்றிலும் அவர் பெயர் திரையில் இருந்தது. முகம் இருக்காது. பெரும்பாலோர் அப்படித்தான், பெயரை மட்டும் காட்டிக்கொண்டு கேட்பார்கள். அதனால் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

ஆடி மாதம் அந்தியூரில் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் நடக்கும். சங்கம் அங்கே இலவச சிகிச்சை முகாம் போடும். முன்பு அந்தியூர் கிளையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இப்போது கிளை இல்லாததால் கோவையிலிருந்து நான் போய்ப் பந்தல், தண்ணீர், மருந்துப் பெட்டி எல்லாம் ஏற்பாடு செய்தேன். மல்லிகா காலையிலேயே வந்துவிட்டார். பழனிச்சாமி சற்றுத் தாமதமாக வந்தார்.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அரைக்கைச் சட்டைக்குள் கை குச்சியாக இருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்கம்மா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா" என்றார். ஒரு காங்கேயம் காளையின் குளம்பைப் பார்க்கக் குனிந்தவர், பாதியில் நின்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறாத நேரம். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மல்லிகா கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, இது எத்தன நாளா இருக்குதுங்க?"

"இடுப்புங்களா? பைக் ஓட்டி ஓட்டித் தேஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. பெல்ட்டு குடுத்திருக்காங்க."

"சாயங்காலமானாக் காய்ச்சல் வருதுங்களா?"

"வருதுங்க. டைபாய்டுன்னு மருந்து குடுத்தாங்க. விட்டுது. மறுக்கா வந்துது."

"வேர்த்துக் கொட்டுதா?"

பழனிச்சாமி மல்லிகாவின் முகத்தைப் பார்த்தார். பேச்சை எங்கே கொண்டுபோகிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மாட்டுக்கு வரும் அந்தக் கன்றுவீச்சுக் கிருமி மனிதனுக்கும் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பல முறை மற்றவர்களுக்குச் சொன்னவர்தான்.

"கன்னு வீசுன மாட்டுக்குக் கொடி எடுத்தீங்களா? கையுறை போட்டிருந்தீங்களா?" என்று மல்லிகா மெதுவாகக் கேட்டார்.

"போட்டுத்தான் இருந்தேன். கிழிஞ்சுது. இன்னொன்னு போட வண்டியில இல்லீங்க."

மல்லிகா என்னிடம் திரும்பி, கார் இருக்கிறதா என்று கேட்டார். அன்றே பழனிச்சாமியைக் கோவைக்குக் கூட்டிப்போனோம். வழியில் அவர் மனைவி சரஸ்வதியை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டோம். அவர் அங்கன்வாடியில் வேலை செய்பவர், குழந்தைகளை அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காரில் உட்கார்ந்ததும் சொன்னார்: "ஆறு மாசமா இப்படித்தானுங்க இருக்குது. பேசறதே கொறஞ்சுபோச்சு. மீட்டிங் வந்தாப் போன எடுத்துப் பக்கத்துல வெச்சுட்டுக் கட்டல்ல படுத்துக்குவாரு. கேட்டுட்டே தூங்கிருவாரு."

ரத்தப் பரிசோதனையில் புரூசெல்லாதான் என்று உறுதியானது. முதுகெலும்பில் உட்கார்ந்திருந்த கிருமி இருதயத்தின் வால்வுக்கும் போயிருந்தது. முதல் இரண்டு மாதத்தில் வந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்றார் மருத்துவர். யாரையும் குறை சொல்லும் குரலில் அல்ல, அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குரலில். மல்லிகா வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நாலு பேரு சுத்தி உக்காந்திருந்தா அவரு மூஞ்சியப் பாத்தே சொல்லியிருப்பமுங்க" என்றார். "மாட்டுக்கு என்னன்னு அத்தன பேரு பதில் எழுதியிருக்காங்க. உங்களுக்கு எப்படி இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலீங்களே."

அவர் கோழிக் குழுவில் இருந்தார். அந்தக் கேள்வி அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை, காரில் நான் சொல்லித்தான் தெரிந்தது.

கார்த்திகேயன் மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு வந்தார். பழனிச்சாமியின் கட்டில் பக்கத்தில் நின்றவர் அன்று யார் சொன்னதையும் திருப்பிச் சொல்லவில்லை. பழனிச்சாமிதான் பேசினார். தன்னைப் பற்றி அல்ல.

"அந்தப் பண்ணையில செல்வின்னு ஒரு பொண்ணு பால் கறக்குதுங்க. நான் கொடி எடுக்கறப்ப அதுதான் கூட நின்னு மாட்டப் புடிச்சுது. வெறுங்கையில. அதுக்குக் காய்ச்சல் இருக்குதான்னு யாராச்சும் போய்ப் பாருங்க."

மல்லிகாவும் நானும் போனோம். பவானிக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்தில் இருந்தது அந்தப் பண்ணை. செல்வி கொட்டகைக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். மேலுக்கு முடியவில்லை என்று சில நாள்களாக வேலைக்கு வரவில்லை என்றார் பண்ணைக்காரர். அவரும் பயந்துபோயிருந்தார், மறைக்கவில்லை. செல்வியின் கையைப் பிடித்து மல்லிகா கேட்ட கேள்விகள் எல்லாம் சந்தையில் கேட்டவைதான். பதில்களும் அவையே.

"மாத்திரை சாப்பிட்டாச் சரியாயிருமுங்களா?" என்று செல்வி கேட்டாள்.

"ஆயிரும் அம்மணி. ஆனா நடுவுல நிறுத்தக் கூடாது. காய்ச்சல் விட்டுதுன்னு நிறுத்திப்போடாத. நான் வந்து வந்து பாப்பேன்."

மல்லிகா சொன்னபடியே போய்ப் போய்ப் பார்த்தார். செல்வி பிழைத்துக்கொண்டாள். பிரித்துக் கட்டியிருந்த மாடுகள் பண்ணையிலிருந்தே அகற்றப்பட்டன, மற்றப் பணியாளர்களுக்கும் பரிசோதனை நடந்தது.

பழனிச்சாமிக்கு வால்வு மாற்றும் அறுவை செய்தார்கள். கண் விழித்தார், பேசினார், செல்வியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு ஒரு வாரத்தில் நிலைமை கெட்டது. புரட்டாசி பிறக்கும் முன்னே போய்விட்டார்.

அந்தியூரில் அவர் வீட்டு முன்னால் பழைய கிளைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். மாதக் கூட்டம் நின்றுபோன பிறகு அவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தது அன்றுதான். ஒருவர் தலை நரைத்திருந்தது, ஒருவர் கைத்தடியோடு வந்திருந்தார். ஒருவருக்கொருவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த இடத்தில் அதைத் தவிர வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை போலும்.

கார்த்திகேயன் ஊர்க் கிளைகளைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார். குழுக்களும் இருக்கட்டும், கிளைகளும் இருக்கட்டும், மாதம் ஒரு முறை பக்கத்து ஊர்க்காரர்கள் நேரில் கூடட்டும் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார். நிர்வாகக் குழுவில் அதை அவரே படித்தார்.

குழுவில் பெரும்பாலோர் புதிய ஏற்பாட்டால் சங்கத்துக்குள் வந்த இளையவர்கள். மரியாதையானவர்கள். பழனிச்சாமிக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்கள்.

"சார், வருத்தமான விசயந்தானுங்க. ஆனா ஒருத்தருக்கு நடந்தத வெச்சு எல்லாத்தையும் மாத்தலாமுங்களா?" என்றார் ஒருவர்.

"நேர்ல வரச் சொன்னா மறுக்கா யாரும் வரமாட்டாங்க. அப்பறம் அதையும் நாமதான் இழுத்துப் புடிச்சு நடத்தணும்" என்றார் இன்னொருவர்.

"பாதுகாப்பு பத்தி ஒரு காணொலிக் கூட்டம் வெச்சுரலாமுங்க. நல்லா வருவாங்க" என்றார் மூன்றாமவர்.

தீர்மானம் தோற்றது. யாரும் மனம் நோகும்படி பேசவில்லை. எல்லோரும் போன பிறகு கார்த்திகேயன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லாம்மா, அவுங்க மேல தப்பில்லீங்க. நான் ஊர் ஊராப் போய்ச் சொன்னதத்தான் அவுங்க எனக்குச் சொல்றாங்க" என்றார்.

அந்தப் பாதுகாப்புக் காணொலிக் கூட்டம் நடந்தது. உண்மையிலேயே நல்ல கூட்டம் வந்தது. கையுறை போடும் முறையை ஒருவர் மிக அழகாகச் செய்து காட்டினார். கார்த்திகேயன் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி நிற்கவில்லை. மல்லிகாவை ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த கோடையில் நானும் ஓய்வு பெற்றேன். சங்கத்தில் எனக்கு ஒரு விடைபெறு விழா வைத்தார்கள். காலையிலிருந்தே நான்கு குழுக்களிலும் வாழ்த்துகள். பூங்கொத்துப் படங்கள், கைகூப்பும் படங்கள், என் பழைய புகைப்படத்தைப் போட்டு யாரோ செய்த சிறு காணொலி. எந்த விவாதத்துக்கும் அவ்வளவு பேர் எழுதியதில்லை என்று, என் இடத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த நிவேதா சந்தோஷமாக என்னிடம் காட்டினாள். மாலையில் அரங்கத்துக்கு வந்தவர்கள் முதல் இரண்டு வரிசைக்குள் அடங்கிவிட்டார்கள்.

மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து கீழே இறங்கியபோது, வரிசையின் ஓரத்தில் சரஸ்வதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்தியூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். சங்கத்தில் அவரை அழைத்தவர் யாருமில்லை, அவர் உறுப்பினரும் இல்லை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இவ்வளவு தூரம் எதுக்குங்க சிரமப்பட்டு வந்தீங்க?" என்றேன்.

"அவரு இருந்திருந்தா வந்திருப்பாருங்களே" என்றார் சரஸ்வதி. "அதானுங்க நான் வந்தேன்."